வெந்நீர் வரைபடத்தில் தொடங்குகிறது

வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் பூசை அறை எந்த மூலை, அடுப்பு எந்தத் திசை, வண்டி எங்கே நிற்கும் என்பதையெல்லாம் வரைபடத்திலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். குளிக்க வெந்நீர் எந்த வழியாக வரும் என்ற கேள்வி மட்டும் டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த பிறகுதான் எழுகிறது. கடையில் ஒரு சோலார் வாட்டர் ஹீட்டரைப் பார்த்து வாங்கி, மொட்டை மாடியில் காலியாகக் கிடக்கும் மூலையில் நிறுத்தி, கைக்கு எட்டிய குழாயில் இணைக்கச் சொல்கிறார்கள். அடுத்த மார்கழியில் குறைகள் வரிசையாக வருகின்றன: சூடு போதவில்லை, ஃபோர்ஸ் இல்லை, அரை வாளி பச்சைத்தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் வெந்நீர் எட்டிப் பார்க்கிறது, அதுவும் விட்டு விட்டு வருகிறது. பழி வெயில் மீதோ, மாடியில் கிடக்கும் தகட்டின் மீதோ விழுகிறது. நான் இன்று உங்கள் முன் நிறுவ முயல்வது இதுதான்: மோட்டாரே இல்லாமல் புவியீர்ப்பில் ஓடும் இந்த ஏற்பாட்டுக்கு உயரம்தான் எந்திரம். அந்த உயரத்தை வரைபடத்தில்தான் வாங்க முடியும். கடையில் அது கிடைப்பதில்லை.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் நாம் எல்லாரும் பார்த்திருக்கும் ஒரு கருவியிலிருந்து தொடங்குகிறேன். கொத்தனார் மட்டம் குறிக்க வைத்திருக்கும் டியூப் லெவல் என்பது உள்ளே தண்ணீர் தெரியும் ஒரு நீளமான குழாய், அவ்வளவுதான். ஒரு நுனியை முன்வாசலிலும் மறுநுனியைக் கொல்லைப்புறத்திலும் பிடித்தால் இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆனால் இது இரு பக்கத்து நீரும் ஒரே சூட்டில் இருக்கும்வரைதான் உண்மை. 30 டிகிரியில் ஒரு லிட்டர் நீரின் எடை ஏறக்குறைய 996 கிராம். அதே லிட்டர் 60 டிகிரியில் 983 கிராம். ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கினால் அந்தப் பக்கத்து நீர் எடை குறைந்து, ஒரு மீட்டர் உயரத்துக்கு 13 மில்லிமீட்டர் மேலே ஏறி நிற்கும். மேலே வழி திறந்திருந்தால் நிற்காமல் வழிந்து ஓடும். குளிர்ந்த நீர் கீழ்வழியாக அதன் இடத்துக்கு வரும். தெர்மோசைஃபன் என்று சொல்லப்படும் சுழற்சி முழுவதும் இவ்வளவுதான். வெயிலில் சாய்ந்திருக்கும் தகட்டுக்குள் இருக்கும் குழாய்களில் நீர் சூடாகி மேலேறி, தகட்டுக்கு மேலே உள்ள தொட்டியில் போய்ச் சேருகிறது. தொட்டியின் அடியில் உள்ள குளிர்ந்த நீர் தகட்டின் அடிக்கு இறங்குகிறது. வெயில் இருக்கும்வரை சுற்று ஓயாது.

இந்த விசை எவ்வளவு சின்னது என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் பிறக்கிறது. வேலை நடக்கும்போது தகட்டுக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி வேறுபாடுதான் இருக்கும். அப்படியானால் ஒரு மீட்டருக்குக் கிடைக்கும் தள்ளுவிசை 5 மில்லிமீட்டர் நீரின் அளவு. ஓர் அரிசி மணியின் நீளம். சாதாரண மேல்நிலைத் தொட்டி குழாய்க்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் 3000 மில்லிமீட்டர் நீரின் அழுத்தம் கிடைக்கும் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரிசி நீளத்து விசையை நம்பி ஓடும் நீருக்கு ஒவ்வொரு எல்போவும் ஒரு சுமை. தகட்டையும் தொட்டியையும் இணைக்கும் குழாய் மேல்நோக்கியே போக வேண்டும். வழியில் ஒரு சாண் மேடு இருந்தாலும், சூடாகும் நீரிலிருந்து பிரியும் காற்று அங்கே தங்கி ஏர்லாக் ஆகிவிடும். தொட்டியின் அடி, தகட்டின் தலையைவிட ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் தகடு குளிர்ந்ததும் சுழற்சி திரும்பிப் போய், பகலில் சேர்த்த சூட்டை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் கறுப்புப் பூசிய தண்ணீர்த் தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து விற்றார். மாலையில் வெந்நீர் கிடைத்தது, விடிவதற்குள் ஆறிப்போனது. 1909இல் கலிஃபோர்னியாவில் வில்லியம் பெய்லி சூடாக்கும் பகுதியையும் சேமிக்கும் பகுதியையும் பிரித்தார். தகடு வெயிலில் கீழே, வெப்பம் கசியாத உறை போட்ட தொட்டி மேலே. இரவும் பகலும் வெந்நீர் என்பதையே தன் பொருளுக்குப் பெயராக வைத்தார். இன்று நம் மாடிகளில் இருப்பது அடிப்படையில் பெய்லியின் அமைப்புத்தான். என் வாதத்துக்கு இதைவிட முக்கியமானது 1980இல் இஸ்ரேல் இயற்றிய சட்டம். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் சூரிய வெந்நீர் அமைப்பு இருந்தாக வேண்டும் என்று அந்த நாடு விதித்தது. அதன் உண்மையான விளைவு விற்பனை கூடியது மட்டுமல்ல என்று நினைக்கிறேன். கட்டட வரைபடம் போடுகிறவர் தொட்டிக்கு இடமும், குழாய் இறங்கும் வழியும் வரைந்தே ஆக வேண்டிய நிலை வந்தது. பெங்களூரிலும் புதிய வீட்டுக்கு மின்இணைப்புக் கேட்கும்போதே சோலார் ஹீட்டர் உண்டா என்று பார்க்கும் விதி வந்த பிறகு அது வீட்டின் ஒரு பகுதியானது. எங்கெல்லாம் வெந்நீர் வரைபடத்துக்குள் வந்ததோ அங்கெல்லாம் அது சாதாரண விஷயமாகிவிட்டது.

இனி நம் மாடிக்கு வருவோம். சோலார் ஹீட்டரில் தகட்டு வகை, கண்ணாடிக் குழாய் வகை என்று இரண்டு உண்டு. தகட்டு வகையை எடுத்துக்கொண்டு தரையிலிருந்து அளந்துகொண்டே மேலே போகலாம். தமிழ்நாடு ஏறக்குறைய 8 முதல் 13½ டிகிரி வட அட்சரேகைக்குள் அடங்குகிறது. நமக்கு வெந்நீர் வேண்டியது மார்கழி, தை மாதங்களில். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. அதனால் தகட்டைத் தெற்குப் பார்த்து, அட்சரேகையோடு 10, 15 டிகிரி கூட்டி, 20 முதல் 28 டிகிரி சாய்வில் வைக்கிறோம். இரண்டு மீட்டர் நீளத் தகடு அந்தச் சாய்வில் முக்கால் மீட்டர் எழும். அதன் கால்கள் முக்கால் அடி. தலைக்கும் தொட்டியின் அடிக்கும் இடைவெளி ஓர் அடி. படுத்திருக்கும் தொட்டியின் விட்டம், உறையோடு சேர்த்து, அரை மீட்டர். எல்லாம் கூட்டினால் வெந்நீர்த் தொட்டியின் முதுகு மாடித் தளத்திலிருந்து ஒன்றே முக்கால் மீட்டரில் நிற்கிறது. இந்தத் தொட்டி தானாக நிரம்ப வேண்டுமென்றால் பச்சைத்தண்ணீர்த் தொட்டியின் அடி அதற்கும் மேலே இருக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் இரண்டு மீட்டர், ஆறரை அடி. கண்ணாடிக் குழாய் வகையில் கொஞ்சம் குறையலாம். ஐந்தடிக்குக் கீழே போகாது. நம் வீடுகளில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி எங்கே இருக்கிறது? மாடித் தளத்தில், இரண்டு வரி செங்கல் மேல். அதில் நீர் பாதிக்குக் கீழே இறங்கியதும் வெந்நீர் தடைபடுவதற்கும், தகட்டில் காற்று புகுவதற்கும், தொட்டி ஒருநாளும் முழுதாக நிரம்பாமல் போவதற்கும் காரணம் இந்த ஆறரை அடிதான்.

இதற்கான விடை பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே கட்டப்படுகிறது. அதைப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவே. மாடிப்படி முடியும் இடத்தில் எழுப்பும் ஹெட்ரூமின் கூரை மாடித் தளத்திலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில் இருக்கும். பச்சைத்தண்ணீர்த் தொட்டிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். அந்தக் கூரைக்கும் அதைத் தாங்கும் தூண்களுக்கும் இந்தப் பாரத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் பொறியாளர் கையை விரிப்பார். இன்னொரு லாபமும் இருக்கிறது. குழாயில் வரும் ஃபோர்ஸ் வெந்நீர்த் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, இரண்டும் ஒரே நீர்த்தொடர் ஆனதால், பச்சைத்தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டம்தான் அதைத் தீர்மானிக்கிறது. மேல்தளத்து ஷவர் மாடித் தளத்துக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கிறது என்று வையுங்கள். தொட்டி தளத்தில் இருந்தால் கிடைப்பது ஒரு மீட்டர் அழுத்தம். எட்டடிக் கூரை மேல் இருந்தால் மூன்றரை மீட்டர். நீர் வரும் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். ஒரு தொட்டியை இடம் மாற்றியதில் வெந்நீரும் ஷவரும் சேர்ந்து தீர்ந்தன.

வாஸ்துப்படி மேல்நிலைத் தொட்டி தென்மேற்கில்தான் இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய விருப்பத்தோடு எனக்கு வழக்கில்லை. நிழலின் கணக்கை மட்டும் சொல்கிறேன். கோயம்புத்தூர் இருக்கும் 11 டிகிரி அட்சரேகையில், டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு நீளத்துக்கு நேர் வடக்கே விழும். பிற்பகல் மூன்று மணிக்கு அதுவே ஒன்றரை மடங்காகி வடகிழக்கே நீளும். ஹெட்ரூமும் தொட்டியும் சேர்ந்து நான்கு மீட்டர் என்றால் நிழல் ஆறு மீட்டர். தென்மேற்கில் தொட்டி, அதற்கு வடகிழக்கே தகடு என்று வைத்தால் வெந்நீர் அதிகம் தேவைப்படும் மாதத்தில் பிற்பகல் வெயில் போய்விடும். தகட்டைத் தென்கிழக்குப் பக்கம், தெற்குக் கைப்பிடிச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால் வாஸ்துவும் கெடாது, வெயிலும் கெடாது. வரைபடத்தில் இது பென்சிலால் ஒரு கோடு. கட்டி முடித்த பிறகு சரிசெய்ய வழியில்லை. 2016இல் வர்தாவும் 2018இல் கஜாவும் வந்து போன மாநிலம் இது என்பதால், தகட்டின் கால்களையும் தொட்டியின் தாங்கியையும் கான்கிரீட்டில் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகளையும் அப்போதே புதைத்துவிடுவது நல்லது. பிறகு துளை போட்டால் மழைநீர் இறங்கும்.

மாடியில் எல்லாம் சரியாக இருந்தும் கீழே வெந்நீர் தோற்றுப்போவது குழாயில். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. அழுத்தம் குறைவான ஏற்பாட்டில் குழாய் பெரிதாக இருந்தால்தான் ஃபோர்ஸ் வரும் என்பது ஒன்று. பெரிய குழாய்க்குள் அதிக நீர் தேங்கும் என்பது மற்றொன்று. ஒரு இன்ச் குழாயில் ஒரு மீட்டருக்கு அரை லிட்டர் நிற்கும். முக்கால் இன்ச் குழாயில் 300 மில்லி. வெந்நீர்த் தொட்டியிலிருந்து குளியலறை வரை ஒரு இன்ச் குழாய் இருபது மீட்டர் ஓடினால் உள்ளே பத்து லிட்டர் இருக்கிறது. ஒருவர் குளித்து முடித்து அரை மணி நேரம் கழித்து அடுத்தவர் வருகிறார். குழாயில் நின்ற பத்து லிட்டர் அதற்குள் ஆறிவிட்டது, அவர் அதைக் கொட்டுகிறார். வெளியே போனது பச்சைத்தண்ணீர்தானே என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு முறையும் பத்து லிட்டர் வெந்நீர் தொட்டியிலிருந்து இறங்கிக் குழாயில் ஆறுகிறது. ஐந்து பேர் விட்டு விட்டுக் குளித்தால் ஐம்பது லிட்டர். நூறு லிட்டர் தொட்டியில் பாதி. எட்டு மீட்டர் தூரத்துக்கு முக்கால் இன்ச் குழாய் போட்டிருந்தால் அதே ஐந்து பேருக்கு இழப்பு பன்னிரண்டு லிட்டர். இந்த மோதலைப் பிளம்பரால் தீர்க்க முடியாது, ஏனென்றால் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தூரம் இருபது மீட்டர். வரைபடம் போடுபவர்தான் குளியலறைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, தொட்டியை அவற்றின் நேர் மேலே கொண்டுவந்து, தூரத்தைக் குறைக்க முடியும். சோலாருக்கு நாம் கொடுக்கும் மிகப் பெரிய உதவி, என் கணிப்பில், இதுதான். தகட்டின் தரத்தை உயர்த்துவதைவிட இது அதிகம் தரும்.

குழாய் விஷயத்தில் இன்னும் மூன்று செய்திகள். வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் பச்சைத்தண்ணீர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தனிக் குழாயாகப் புறப்பட வேண்டும். ஃப்ளஷ் தொட்டிக்கும் சமையலறைக்கும் போகும் குழாயிலேயே அதையும் கிளைத்தால், கீழே யாரோ குழாயைத் திறக்கும்போது வெந்நீர்த் தொட்டி பின்பக்கமாக உறிஞ்சப்படும். அடுத்தது வென்ட் பைப். 25 டிகிரியில் நூறு லிட்டராக இருக்கும் நீர் 75 டிகிரியில் 102 லிட்டருக்கும் மேல் விரிகிறது. ஏப்ரல், மே மாதங்களில் யாரும் வெந்நீர் எடுக்காதபோது சூடு 80 டிகிரியைத் தாண்டும். விரியும் நீரும் ஆவியும் வெளியேற வழி வேண்டும். வெந்நீர்த் தொட்டியின் தலையிலிருந்து எழும் இந்தக் குழாய், பச்சைத்தண்ணீர்த் தொட்டி முழுதாக நிரம்பும் மட்டத்துக்கும் மேலே போக வேண்டும். டியூப் லெவல் கணக்கு இங்கே மறுபடி வருகிறது: மிகவும் சூடான நீர்த்தம்பம் மீட்டருக்கு மூன்றரை சென்டிமீட்டர் வரை உயர்ந்து நிற்கும், அதற்கு இடம்விட்டு இன்னும் ஓர் அரை அடி மேலே அந்தக் குழாய் முடிய வேண்டும். அதில் வால்வு போடக் கூடாது, நுனியை அடைக்கவும் கூடாது. மூன்றாவது, பிரஷர் பம்ப். பச்சைத்தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் பம்ப் போட்டுவிட்டு வெந்நீரைப் புவியீர்ப்பில் விட்டால், மிக்ஸரில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் பலமுள்ள பச்சைத்தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் ஏறி, மாடி வரை போய், வென்ட் பைப் வழியாக வழியும். சோலார் கெட்டுவிட்டது என்று ஆளை அழைக்கும் வீடுகளில் பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

எவ்வளவு வெந்நீர் வேண்டும் என்பதற்கு நம் மொழியிலேயே நல்ல சொல் இருக்கிறது: விளாவுதல். யாரும் 60 டிகிரி நீரில் குளிப்பதில்லை. சில விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும். 25 டிகிரி நீரோடு விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவர, மொத்தத்தில் நூற்றுக்கு 43 பங்கு வெந்நீர் போதும். இரண்டு வாளி, நாற்பது லிட்டர், குளிப்பவருக்கு 17 லிட்டர் வெந்நீர். நூறு லிட்டரில் ஐந்து பேர் நிறைவாகக் குளிக்கலாம். அதே வீட்டில் நிமிடத்துக்கு எட்டு லிட்டர் வரும் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் ஒருவருக்கு 34 லிட்டர். மூன்றாவது ஆளோடு தொட்டி காலி. நூறு லிட்டரை 25இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற நான்கு யூனிட் வெப்பம் தேவை. நம் மாநிலத்தில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் வெயில் சராசரியாக ஐந்து யூனிட். தகடு அதில் பாதியைப் பிடிக்கிறது. அதனால்தான் நூறு லிட்டருக்கு இரண்டு சதுர மீட்டர் என்ற கணக்கு. இதைவிடப் பெரிதாக வாங்கச் சொல்பவரிடம் குடும்பத்தினர் வாளியா ஷவரா என்று முதலில் கேட்டாரா என்று கேளுங்கள்.

இப்போது தடைகளுக்கு வருகிறேன். முதலாவது, மழைக்காலம். சென்னையிலும் கடலோரத்திலும் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது; வெந்நீர் தேடும் நாள்களும் வெயில் இல்லாத நாள்களும் ஒன்றாக வருகின்றன. இது உண்மையான தடை. மறைத்துப் பேசிப் பயனில்லை. மின்சார உதவி வேண்டும். அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. வெந்நீர்த் தொட்டிக்குள்ளேயே ஹீட்டர் காயிலைப் பொருத்திவிட்டால், விடியற்காலையில் அது நூறு லிட்டரையும் சுட வைத்துவிடுகிறது. பிறகு வரும் வெயிலுக்கு வேலை இல்லை. எடுத்துக் குளித்ததைவிட அதிக மின்சாரம் போகிறது, அதையும் சோலாரின் கணக்கில் எழுதுகிறார்கள். அதைவிடக் குளியலறையிலேயே ஒரு சின்னக் கீசரை, சோலாரிலிருந்து வரும் குழாயின் வழியில் பொருத்தினால், வெதுவெதுப்பாக வரும் நீருக்குக் குறையும் சூட்டை மட்டும் அது சேர்க்கும். பதினைந்து லிட்டரை முழுதாகச் சூடாக்கவே 0.6 யூனிட்தான் ஆகும். சோலாரிலிருந்து வரும் சூட்டைத் தாங்கும் கீசரா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது தடை இன்னும் வலுவானது. அதை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். மின்சாரம் தரும் சோலார் பேனல் விலை இறங்கிவிட்டது, 2024இல் மத்திய அரசு அதற்கென்றே பெரிய திட்டமும் தொடங்கியிருக்கிறது. மாடியில் பேனல் போட்டுக் கீசரை ஓட்டிவிடலாமே, இந்தக் குழாய், தொட்டி, உயரக் கணக்கெல்லாம் எதற்கு என்கிறார்கள். நான்கு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவாட் பேனல், ஏறக்குறைய ஐந்து சதுர மீட்டர் இடம் தேவை. வெந்நீர்த் தகடு அந்த வேலையை இரண்டு சதுர மீட்டரில் முடிக்கிறது. ஆனால் இடத்தை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க மாட்டேன். கடலோரச் சமவெளியில் ஆண்டுக்கு மூன்று மாதம் மட்டும் வெந்நீர் தேடும் குடும்பத்துக்குப் பேனல்தான் நல்லது என்றே சொல்வேன். மீதி ஒன்பது மாதம் அது மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் ஓட்டும், தகடு சும்மா காயும். கோயம்புத்தூரின் மேற்குப் பகுதி, ஓசூர், ஏற்காடு, நீலகிரி, கொடைக்கானல் ஆகிய இடங்களிலும், முதியோரும் குழந்தைகளும் இருக்கும் வீடுகளிலும், மாணவர் விடுதிகளிலும் ஆண்டு முழுவதும் வெந்நீர் ஓடுகிறது. அங்கே நீரைச் சேமிப்பதுதான் சூட்டைச் சேமிப்பதும். விடியற்காலையில் மின்சாரம் நின்றாலும் குழாயில் வெந்நீர் வரும். ஒன்றைக் கவனியுங்கள்: பேனலும் கீசரும் என்று முடிவு செய்தாலும், மேல்தளத்துக் கீசர் நிரம்புவதற்கும் ஷவரில் நீர் வருவதற்கும் அதே தொட்டி உயரம் வேண்டும். எந்த வழியில் போனாலும் உயரத்தின் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

மூன்றாவது, உயரத்துக்குப் பதிலாகப் பம்ப் போட்டுவிட்டால் என்ன என்பது. போடலாம். வெந்நீர், பச்சைத்தண்ணீர் இரண்டையும் ஒரே பம்ப் தள்ள வேண்டும். அழுத்தம் தாங்கும் தொட்டியும், மிகையழுத்தத்தை விடுவிக்கும் வால்வும் வேண்டும். திறந்த வென்ட் பைப்போடு விற்கப்படும் சாதாரணத் தொட்டியில் அதைச் செய்யக் கூடாது. செலவு கூடும், மின்சாரம் போனால் எல்லாம் நிற்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது பல நேரம் தவிர்க்க முடியாதது, ஏனென்றால் அங்கே புவியீர்ப்பு சமமாகப் பங்கிடுவதில்லை. மேல்தளத்தாருக்கு வெந்நீர் உடனே வரும், ஃபோர்ஸ் இருக்காது. நான்கு தளம் கீழே இருப்பவருக்குப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் அழுத்தம் உண்டு, நீண்ட குழாயில் ஆறிய நீரைக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மலைப்பகுதிக்கு ஒரு தனிச் செய்தி. உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுகிறது. மேகமில்லாத இரவில் தகடு தன் சூட்டை நேரே வானத்துக்கு விடுவதால், காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும்போதே தகட்டுக்குள் நீர் உறைந்து செப்புக் குழாய் வெடிக்கலாம். அங்கே வெற்றிடம் சூழ்ந்த கண்ணாடிக் குழாய் வகையோ, உறையாத திரவம் தனிச்சுற்றில் ஓடும் தகட்டு வகையோதான் பொருந்தும்.

உப்புத்தண்ணீர் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் வெந்நீரைப் பற்றிப் பேச முடியாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 10500, நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்றும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் அதையும் தாண்டும். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு படியும். தகட்டுக்குள் இருக்கும் அரை இன்ச் செப்புக் குழாய்கள் அடைபடும். அரிசி நீளத்து விசை சுண்ணாம்பு அடைத்த குழாயில் எப்படிப் போகும்? கண்ணாடிக் குழாய் வகை அகலமானது, அதிக நாள் தாக்குப்பிடிக்கும், கழற்றித் துடைக்கவும் முடியும். ஆனால் கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு நல்ல தண்ணீர், உப்புத்தண்ணீர் என்று இரண்டும் வருகின்றன. நல்ல தண்ணீரான சிறுவாணி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, சோலாருக்கு உப்புத்தண்ணீரைக் கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு நூறு லிட்டர் நல்ல தண்ணீரை அதற்கென ஒதுக்கினால் தகட்டின் ஆயுள் கூடும். அதற்கு 200 லிட்டரில் ஒரு சின்னத் தொட்டி தனியாக வேண்டும்.

இந்தச் சின்னத் தொட்டிதான், வீட்டை ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டவர்களுக்கும் என்னால் சொல்ல முடிந்த வழி. ஆயிரம் லிட்டர் தொட்டியைத் தூக்கி ஹெட்ரூம் மேல் வைக்கப் பழைய கூரை தாங்காமல் போகலாம். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. இரும்பு ஆங்கிளில் ஒரு தாங்கி செய்து தூண் அல்லது பீமின் மேல் நிறுத்த முடியும். கீழிருந்து வரும் மோட்டார் குழாயில் ஒரு கிளை எடுத்து, ஃப்ளோட் வால்வு வைத்து அதை நிரப்பலாம். அங்கிருந்து வெந்நீர்த் தொட்டிக்கு மட்டும் ஒரு குழாய். வெந்நீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் இப்போது இரு வேறு உயரங்கள் ஆகிவிடுவதால், மிக்ஸரைத் தவிர்த்து வாளிக்கு மேலே இரண்டு தனிக் குழாய்கள் வைத்து, பச்சைத்தண்ணீரை முதலில் பிடித்து வெந்நீரை அதில் விளாவிக்கொள்வது பாதுகாப்பு. செலவு செய்யும் முன் பிளம்பரிடம் ஒரு டியூப் லெவலைக் கொடுத்து, ஒரு நுனியை இப்போதைய மேல்நிலைத் தொட்டியின் அடியிலும் மறுநுனியை ஹீட்டர் நிற்கப்போகும் இடத்திலும் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் நீர் தரையிலிருந்து ஆறரை அடிக்குக் கீழே நின்றால், முதலில் வாங்க வேண்டியது அந்த 200 லிட்டர் தொட்டியும் அதன் தாங்கியும். ஹீட்டரைப் பிறகு வாங்கலாம்.